பழைய ஆங்கிலச் சிறையில் கைதிகள் சொன்ன புகாரை விசாரிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1853 ஏப்ரல் 27. பர்மிங்காம் நகரச் சிறையில் எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் தன் அறைக்குள் உயிரை மாய்த்துக்கொண்டான். நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக மூன்று மாதச் சிறை பெற்றவன். நம் கணக்கில் அந்த இறைச்சி இரண்டு கிலோகூட வராது. உள்ளே வந்து முப்பது நாள்தான் ஆகியிருந்தது. மரண விசாரணையில் தொடங்கிய பேச்சு அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் வரை போனது. 1854-இல் அதன் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது.

அந்த அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதைப் போன்ற ஆவணங்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. கல்லூரி ஆய்வுக்கோ, கட்டுரைக்கோ, வெறும் ஆர்வத்துக்கோ ஒரு பழைய ஆங்கிலச் சிறையின் புகாரை எடுத்து விசாரிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையின் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

கைதியின் புகார் ஒன்று கைக்கு வந்ததும் நம் இரண்டு காதிலும் இரண்டு பேர் பேச ஆரம்பிப்பார்கள். "பாவம், சிறையில் கிடந்தவன், சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "திருட்டுப் பயல், வேறு என்ன சொல்வான்?" என்பார் மற்றவர். இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் படி: சிறை யாருடையது என்று கேளுங்கள்

எந்த ஊர், எந்த ஆண்டு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: சிறை அதிகாரிக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது?

லண்டனின் ஃப்ளீட் சிறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிறைத் தலைவர் பதவி விலைக்கு வாங்கும் சொத்து. 1728-இல் தாமஸ் பாம்பிரிட்ஜ் இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்து, முந்தைய தலைவர் ஜான் ஹக்கின்ஸிடமிருந்து 5,000 பவுண்டுக்கு அதை வாங்கினார். போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பது? கைதிகளிடமிருந்துதான். உள்ளே வரக் கட்டணம், படுக்கைக்கு வாடகை, விலங்கைத் தளர்த்தக் கட்டணம், வெளியே போகவும் கட்டணம். அங்கே அடைபட்டவர்களில் பெரும்பாலோர் கடனைக் கட்ட முடியாமல் வந்தவர்கள் என்பது இதன் கொடூரமான வேடிக்கை. ஆகவே ஃப்ளீட், மார்ஷல்சீ போன்ற கடனாளிகள் சிறைகளிலிருந்து வரும் புகாரில் "இப்படிச் செய்ததால் யாருக்கு எவ்வளவு வருமானம்?" என்று தேட வேண்டும்.

பர்மிங்காம் 1853 வேறு உலகம். அங்கே கவர்னருக்கு நிலையான சம்பளம் உண்டு. (ஆங்கிலேயர்கள் சிறைத் தலைவரையும் கவர்னர் என்றுதான் அழைத்தார்கள். மாகாண ஆளுநருடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) காசு பிடுங்குவதற்காக அங்கே யாரும் கைதியை வதைக்கவில்லை. 'ஒழுங்கு' என்ற பெயரில் வதைத்தார்கள். அங்கே நீங்கள் தேட வேண்டியது விதிமுறையையும் அது மீறப்பட்ட இடத்தையும்.

1877-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1878-இல் உள்ளூர்ச் சிறைகள் எல்லாவற்றையும் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்தைய சிறை என்றால் காகிதங்கள் பெரும்பாலும் லண்டனில் இருக்கும். முந்தையது என்றால் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில், மாஜிஸ்திரேட்டுகளின் காலாண்டு அமர்வுப் பதிவுகளுக்குள் புதைந்திருக்கும்.

இரண்டாம் படி: புகாரைத் துண்டு துண்டாக நறுக்குங்கள்

"சிறையில் கொடுமை நடந்தது" என்பதை விசாரிக்க முடியாது. அதற்குள் இருக்கும் சின்னச் சின்னக் கூற்றுகளைத்தான் விசாரிக்க முடியும்.

ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக் கலைஞர் கடனுக்காக ஃப்ளீட்டில் அடைபட்டார். சிறைக்கு வெளியே இருந்த ஒரு காவல் வீட்டுக்கு அவரை மாற்றினார்கள். இப்படிப்பட்ட வீடுகளுக்கு 'ஸ்பஞ்சிங் ஹவுஸ்' என்று பெயர். பஞ்சைப் பிழிவதுபோல் கடனாளியைப் பிழியும் இடம். அங்கே பெரியம்மை பரவியிருந்தது. காஸ்டெலுக்கு அதுவரை அம்மை வந்ததில்லை. 1728 டிசம்பரில் அவர் அம்மை கண்டு இறந்தார். அவருடைய நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் ஓகல்தார்ப் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டு சிறைகளை விசாரிக்க அமைந்த குழுவுக்கு அவரே தலைவர் ஆனார்.

இப்போது நறுக்குங்கள். ஒன்று, காஸ்டெல் அந்த வீட்டுக்கு மாற்றப்பட்டார். இரண்டு, அங்கே அம்மை இருந்தது. மூன்று, அவர் போக மறுத்துக் கெஞ்சினார். நான்கு, பாம்பிரிட்ஜுக்கு இது எல்லாம் தெரிந்திருந்தும் அனுப்பினார். ஐந்து, அங்கேயே அவர் இறந்தார்.

பாம்பிரிட்ஜ் மீது கொலை வழக்கு நடந்து விடுதலையானார். காஸ்டெலின் மனைவி தனியாக ஒரு வழக்குத் தொடுத்தார். அதிலும் விடுதலை. "நீதிமன்றமே விட்டுவிட்டதே, புகார் பொய்தானே?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஐந்து வரிகளைக் காட்டலாம். கொலை வழக்கு முக்கியமாக மூன்றாவது, நான்காவது வரிகளின் மேல்தான் நின்றது. ஒன்றும் ஐந்தும் அசையவே இல்லை. விடுதலைத் தீர்ப்பு எந்த வரியைத் தொட்டது என்று பார்க்காமல் அதை மேற்கோள் காட்டுவது பெரும்பாலான கட்டுரைகளில் நான் காணும் பிழை.

மூன்றாம் படி: அன்றைய விதி என்ன?

இன்றைய மனித உரிமைக் கண்ணோடு பார்த்தால் 19-ஆம் நூற்றாண்டுச் சிறையில் எல்லாமே கொடுமைதான். அப்படி எழுதிவிட்டு எழுந்து போகலாம், ஆனால் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். அன்றைய சட்டமே அனுமதிக்காததை அதிகாரி செய்தாரா என்பதுதான் கூர்மையான கேள்வி.

இதற்கு 1823-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் நல்ல அளவுகோல். கவர்னர் தன் அதிகாரத்தில் ஒரு கைதியைத் தனியறையில் அடைத்து ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்கு மேல் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சிறையைப் பார்வையிடும் மாஜிஸ்திரேட்டுகளிடம் போக வேண்டும். கவர்னர், பாதிரியார், மருத்துவர் மூவரும் தினக்குறிப்பு எழுத வேண்டும், அது மாஜிஸ்திரேட்டுகளின் பார்வைக்குப் போக வேண்டும். 1835-இலிருந்து அரசு நியமித்த ஆய்வாளர்களும் சிறைகளைச் சுற்றி வந்தார்கள்.

விதியைத் தனித்தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்த படியில் ஒவ்வொரு நிமிடமும் தேவைப்படும்.

நான்காம் படி: புத்தகங்களை ஒன்றோடொன்று மோதவிடுங்கள்

இதுதான் முழு வேலையின் இதயம். நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

ஒரு 19-ஆம் நூற்றாண்டுச் சிறையில் ஒரே நாளைப் பற்றிப் பல பேர் பல புத்தகங்களில் எழுதினார்கள். கவர்னரின் குறிப்பு, மருத்துவரின் குறிப்பு, பாதிரியாரின் குறிப்பு, தண்டனைப் பதிவேடு, உணவுப் பட்டியல், மாஜிஸ்திரேட்டுகள் வந்து போன குறிப்பு. எல்லாம் ஒரு சிறைக்கு எஞ்சியிருப்பது அபூர்வம். இரண்டு கிடைத்தாலே போதும்.

பெரிய தாள் ஒன்றை எடுத்து இடப்புறம் தேதியை எழுதுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நெடுவரி. கைதியின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நிரப்புங்கள். ஒரு வாரத்தை நிரப்பி முடித்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். எழுத்து உள்ள கட்டங்களைவிட வெற்றுக் கட்டங்கள்தான் முதலில் கண்ணில் படும். பாதிரியார் ஒருநாள் கைதியைக் கட்டிவைத்த நிலையில் பார்த்ததாக எழுதியிருக்கிறார், அதே நாளில் தண்டனைப் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை என்றால், உங்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்துவிட்டது. பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டது தனிக் குற்றம், ஏன் விட்டார்கள் என்பது அடுத்த கேள்வி.

பாதிரியாரின் புத்தகத்தை மட்டும் தங்கமாக நினைத்துவிட வேண்டாம். அவர் கவர்னரின் கீழ் வேலை பார்க்காதவர், அறை அறையாகப் போய்த் தனியே பேசுபவர் என்பதால் மதிப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பல சிறைகளில் பாதிரியாருக்கும் கவர்னருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் எழுதியதில் பகை எவ்வளவு, பார்த்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். "பார்த்தேன்", "கேள்விப்பட்டேன்" என்ற இரண்டு வினைச்சொற்களுக்கு இரண்டு வண்ணத்தில் அடிக்கோடு போட்டால் பாதி வேலை முடிந்தது.

மருத்துவரின் குறிப்பில் வேறொரு சிக்கல் உண்டு. சிறை மருத்துவருக்குக் கைதி நடிக்கிறான் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. "உடல்நிலை நன்று" என்ற ஒற்றை வரி நாள்தோறும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் வந்தால், அவர் அறைக்குள் போனாரா, கதவருகே நின்று எழுதினாரா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: கணக்குப் போடுங்கள், பொருளைத் தொட்டுப் பாருங்கள்

பர்மிங்காம் புகாரின் நடுவில் இருந்தது கிராங்க் என்ற இயந்திரம். கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று ஒரு எண்காட்டி காட்டும். அந்தச் சுற்றலால் மாவும் அரையாது, தண்ணீரும் ஏறாது. சுற்றுவதுதான் தண்டனை. ஒரு நாளைக்கு 10,000 சுற்று: காலை உணவுக்கு முன் 2,000, மதிய உணவுக்குள் 4,000, இரவு உணவுக்குள் 4,000. முடிக்காதவனுக்கு ரொட்டியும் தண்ணீரும்தான். சிறுவர்களுக்கு ஐந்து பவுண்டு அழுத்தம் வைத்ததாகச் சிறை சொன்னது.

"பத்தாயிரம்" என்று படிக்கும்போது அது ஒரு எண். வகுத்துப் பாருங்கள். பத்து மணி நேரம் ஓயாமல் சுற்றினாலும் 3.6 வினாடிக்கு ஒரு சுற்று. வியர்வையைத் துடைக்க நின்றால் கணக்கு பின்தங்கும். உங்கள் வீட்டில் கிணற்று ராட்டினமோ தையல் இயந்திரத்தின் கைச்சக்கரமோ இருந்தால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். கனம் ஒன்றாக இருக்காது, ஆனால் அந்தத் தாளகதி புரியும். அதே காலத்தில் லெஸ்டர் சிறையில் 14,400 சுற்று கேட்டார்கள். அங்கே சுற்றுக்கு இரண்டரை வினாடி.

பர்மிங்காம் கமிஷனிடம் ஒரு பொறியாளர் சாட்சி சொன்னார். அந்தச் சிறுவன் 10,000 சுற்று முடிக்க வேண்டுமென்றால் ஒரு வண்டிக்குதிரையின் சாதாரண நாள் உழைப்பில் நாலில் ஒரு பங்கு சக்தி வேண்டும், அந்த வயதுப் பையன் வழக்கமான வேலையில் செலவிடுவதோ பத்தில் ஒரு பங்குதான். கைதி "முடியவில்லை" என்று சொன்னதைப் பொய்யா மெய்யா என்று வாதாடாமல் இயந்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இதைத்தான் நாமும் செய்ய வேண்டும். உணவு பற்றிய புகாரா? பட்டியலில் உள்ள ரொட்டியின் எடையை எழுதி, அன்றைய வேறு சிறைகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இடநெருக்கடியா? அறையின் நீளம், அகலம், உயரம் எங்கேயாவது இருக்கும், ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள்.

18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹோவர்ட் என்பவர் இந்த வழியை மூக்காலேயே கற்றார். சிறை சிறையாகப் போய்ப் பார்த்தவர். சிறை வாடை உடையில் ஏறிவிட்டதால் மூடிய வண்டியில் போக முடியாமல் குதிரையில் போனார். குறிப்புப் புத்தகத்தைக்கூட ஓரிரு மணி நேரம் கணப்புக்கு முன் விரித்துவைத்த பிறகுதான் தொட முடிந்தது. காற்றோட்டம் பற்றி அந்தச் சிறைகளின் தலைவர்கள் என்ன சொன்னாலும், அந்தப் புத்தகத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆறாம் படி: சாட்சியை எங்கே வைத்துக் கேட்டார்கள்?

வாக்குமூலம் உள்ளேயிருந்து வந்ததா, விடுதலைக்குப் பிறகு வந்ததா? கவர்னர் அதே அறையில் இருந்தாரா? கேள்வி கேட்டவர் யார்? ஒவ்வொரு சாட்சிக்கும் இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிகச் சிக்கலான சாட்சிக்கு ஹென்றி ஹண்ட் உதாரணம். 1819-இல் மான்செஸ்டரில் பீட்டர்லூ படுகொலை நடந்த கூட்டத்தின் பேச்சாளர். இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்று இல்செஸ்டர் சிறைக்கு வந்தவர், சும்மா இருப்பாரா? கைதிகளிடம் விசாரித்து, கவர்னர் வில்லியம் பிரைடிலின் மேல் புகார்களை அடுக்கி, 1821-இல் அச்சிட்டே வெளியிட்டார். அதே ஆண்டு அரசு விசாரணையும் வந்தது. ஹண்டுக்கு விளம்பர மோகம் உண்டு, அரசியல் லாபமும் உண்டு, கவர்னர் மேல் சொந்தக் கோபமும் உண்டு. மூன்றும் உண்மை. பிரைடிலின் பதவி போனதும் உண்மை. சாட்சிக்கு உள்நோக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் சொன்னதை இன்னொரு இடத்தில் சரிபாருங்கள். குப்பையில் போடாதீர்கள்.

ஏழாம் படி: அறிக்கையைத் தாண்டி வாக்குமூலத்துக்குப் போங்கள்

கமிஷன் அறிக்கைகள் நாற்பது ஐம்பது பக்கத்தில் முடிந்துவிடும். பின்னால் எண் போட்ட கேள்வி பதில்கள் நூற்றுக்கணக்கான பக்கம் நீளும். அறிக்கையை எழுதியவர்கள் வசதியாகச் சுருக்கியது எல்லாம் அங்கே விரிந்து கிடக்கும். ஒரு காவலர் முதல்நாள் ஒன்று சொல்லி மறுநாள் மாற்றினால், கேள்வி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது சில கண்ணிகள் உண்டு. சிறைக்கான ஆங்கிலச் சொல்லை அக்காலத்தில் பெரும்பாலும் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்க மாட்டார்கள், 'ஜி, ஏ, ஓ, எல்' என்று எழுதுவார்கள். இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். 18-ஆம் நூற்றாண்டு அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போல நீண்டு நிற்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவைத்திருக்கும். 'ஃப்ளீட்' என்று மட்டும் தேடினால் கடற்படைதான் வரும், ஊர்ப் பெயரையும் ஆளின் பெயரையும் சேருங்கள்.

தேதி இன்னொரு பொறி. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஓகல்தார்ப் குழு அமைந்த பிப்ரவரியை அன்றைய தாள்கள் 1728 என்று எழுதும், நம் கணக்கில் அது 1729. இதைக் கவனிக்காவிட்டால் 1728 டிசம்பரில் இறந்த காஸ்டெலுக்காக அவர் சாவதற்குப் பத்து மாதம் முன்பே குழு அமைந்துவிடும்!

எங்கே தேடுவது? 'ஓல்ட் பெய்லி' என்ற லண்டன் குற்றவியல் நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான வழக்கு நடவடிக்கைகள் இணையத்தில் இலவசம். பாம்பிரிட்ஜ் வழக்கும், மார்ஷல்சீ சிறையை நடத்திய வில்லியம் ஆக்டனின் வழக்குகளும் பழைய அரசு வழக்குத் தொகுதிகளில் அச்சாகி, மின்னூலாகவும் கிடைக்கின்றன. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், உள்துறையின் 'எச்.ஓ. 17', 'எச்.ஓ. 18' வரிசைகளில் குற்றவாளிகளின் கருணை மனுக்கள் உள்ளன. மனுவில் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் சாக்கில் சிறை நிலைமையும் வந்துவிடும். உள்ளூர்ப் பத்திரிகைகளை மரண விசாரணைக்காகப் பாருங்கள். சிறையில் யார் இறந்தாலும் மரண விசாரணை நடத்தியாக வேண்டும் என்பது பழங்காலம் தொட்டே ஆங்கிலச் சட்டம். அதிகாரபூர்வத் தாள் தொலைந்திருந்தாலும் நிருபர் எழுதியது இருக்கும். 1834-இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது மக்களவையின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவை சாம்பலாயின. அதற்கு முந்தைய மனுவின் மூலம் கிடைக்கவில்லை என்றால் நேரத்தை வீணாக்காமல் அவையின் அச்சிட்ட குறிப்பேடுகளுக்குப் போய்விடுங்கள்.

எட்டாம் படி: முடிவை வரிவரியாக எழுதுங்கள்

இரண்டாம் படியில் நறுக்கிய துண்டுகளைத் திரும்ப எடுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கில் ஒரு சொல்: உறுதி, பெரும்பாலும் உண்மை, தெரியவில்லை, தவறு. ஆண்ட்ரூஸுக்கு இப்படி வரும்.

சிறுவனுக்கு 10,000 சுற்று வேலை கொடுத்தார்கள்: உறுதி. முடிக்காத நாளில் உணவைக் குறைத்தார்கள்: உறுதி, அன்றைய சட்டப்படியே தவறு. கைகளைக் கட்டும் சட்டையை மாட்டி, கழுத்தில் விறைப்பான தோல் பட்டை போட்டு, சுவரோடு நிற்க வைத்துக் கட்டினார்கள்: உறுதி, எந்தச் சட்டத்திலும் இடமில்லாதது. இதனால்தான் அவன் செத்தான்: இந்த வரிக்கு 'பெரும்பாலும்' என்றுதான் என் கை எழுதும். ஒருவன் மனத்துக்குள் நடந்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் நெடுவரி கிடையாது.

கமிஷன் கவர்னர் வில்லியம் ஆஸ்டினை மட்டும் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னிருந்த அலெக்சாண்டர் மெக்கனோக்கி, கைதிகளைத் திருத்தலாம் என்று வாதாடிய சீர்திருத்தவாதி, அவருடைய காலத்திலும் சட்டத்துக்குப் புறம்பான தண்டனைகள் நடந்ததாகப் பதிவு செய்தது. நல்லவர், கெட்டவர் என்று பாத்திரம் பிரித்துக் கதை எழுத உட்கார்ந்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். விட்டுவிடாமல் எழுதுங்கள்.

ஆஸ்டின் வழக்கைச் சந்தித்து 1855-இல் தண்டிக்கப்பட்டார். மூன்று மாதச் சிறை. இரண்டு கிலோவுக்கும் குறைவான இறைச்சிக்கு ஆண்ட்ரூஸ் பெற்றதும் மூன்று மாதம். உங்கள் கட்டுரையில் இவை இரண்டையும் ஆண்டோடு அடுத்தடுத்த வரியில் வையுங்கள், இடையில் உங்கள் சொல் ஒன்றும் வேண்டாம்.